இடம் மாறிய இரண்டு எழுத்துகள்

பிப்ரவரி 12

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்று ஐந்தாம் நாள். இடது கை லேசாக அசைகிறது. பேச்சு குழறவில்லை. சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குளிக்கவும் மாற்றுத் துணி எடுக்கவும் வீட்டுக்கு வந்தேன்.

காப்பீட்டு அட்டையின் நகல் தன் கம்ப்யூட்டரில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஃபோல்டர்களுக்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர்களை யாராவது வெளி ஆள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பதினொரு பெயர்களில் எழுத்துப் பிழை. பதினொன்றையும் திருத்தினேன். அந்தப் பிழைகளை இங்கே எழுதி இந்தப் பக்கத்தைக் கெடுக்கப்போவதில்லை.

வீட்டு வேலைக்கு வரும் மயிலாத்தாளிடம் வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மார்ச் 3

வீடு திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இன்று காலையில் அவராகவே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நல்ல அறிகுறி என்றார் கைப்பயிற்சி கொடுக்க வருபவர். நான் அடுத்த அறையில் வற்றலுக்குக் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒற்றைக் கையால் தட்டும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

மார்ச் 5

இன்றும் உட்கார்ந்தார். மதியம் தட்டின் முன்னால் அமர்ந்து, சோற்றைத் தொடாமல், "வசந்தா, பார்க்கறது ஒண்ணு, இருக்கறது ஒண்ணா இருக்குது எனக்கு" என்றார்.

"சர்க்கரைக்குக் கண்ணைத்தான் முதல்ல பிடிக்கும். டாக்டர்கிட்டப் போலாம்."

"கோளாறு கண்ணுல இல்லையாட்ட இருக்குது."

"அதை டாக்டர் சொல்லட்டுங்க. நீங்க சொல்ல வேண்டாம்."

 ரசம் மட்டும் குடித்தார்.

மார்ச் 7

கண் டாக்டர் ஒரு மணி நேரம் பார்த்தார். கண்ணில் கோளாறு இல்லையாம். பவர் கொஞ்சம் மாறியிருக்கிறதாம். புதுக் கண்ணாடிக்கு எழுதித் தரச் சொன்னேன்.

மார்ச் 16

கண்ணாடி வந்தது. பழுப்பு ஃபிரேம், அவருடைய முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது. போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "போதும் வசந்தா, அது இனி நமக்கு ஒத்து வராது" என்றார். உடம்பு அசதி. சரியாகிவிடும்.

ஏப்ரல் 27

இன்று விடியும் நேரத்தில் அவர் காலமானார். இரண்டாவது தாக்கு.

ஜூன் 30

அவருடைய மில்லின் ஓய்வுபெற்றோர் சங்கத்திலிருந்து இரங்கல் தீர்மானம் அனுப்பியிருந்தார்கள். "எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றிய நமது நாச்சிமுத்து அவர்கள்" என்று தொடங்குகிறது. ஆங்கிலப் பிரதியில் மூன்று பிழைகள். சிவப்பு பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அதே மில்லில் மேனேஜருக்கு நான் செயலாளராக இருந்தேன். முப்பத்தோரு வருடத்தில் என் கையால் பிழையோடு ஒரு கடிதமும் வெளியே போனதில்லை. அதை அந்தச் சங்கத்தில் இன்னும் சிலராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அவரை நான் முதலில் அறிந்ததே ஒரு லீவ் லெட்டரில்தான். 'காய்ச்சல்' என்று ஆங்கிலத்தில் எழுத வந்தவர் fever என்பதற்குப் பதிலாக fewer, அதாவது 'குறைவு' என்று எழுதியிருந்தார். குறைவால் அவதிப்படுகிறேன், மூன்று நாள் விடுப்பு வேண்டும். திருத்தித் திருப்பி அனுப்பினேன். அவரே நேரில் வந்து, "எங்க பஞ்சாயத்து ஸ்கூல்ல காய்ச்சல் இப்படித்தாங்க வரும்" என்றார். அன்று நான் சிரித்தேன்.

பழுப்புக் கண்ணாடியை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஆறு வாரம்தான் அவர் போட்டுக்கொண்டார்.

ஜூலை 14

ஒரு பெண் போனில் அழைத்தாள். பெயர் கோகிலா. பார்வையற்ற பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பிரெய்ல் அச்சடிக்கும் பகுதி அவளுடைய பொறுப்பு. அவளுக்கும் பார்வை கிடையாது.

"அய்யா போனது எங்களுக்குப் பெரிய இழப்புங்மா. இந்த நேரத்துல இதைக் கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருக்குதுங்" என்று தொடங்கினாள்.

விஷயம் இதுதான். தமிழ்ப் பாடத்தை அப்படியே பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் ஒரு புரோகிராமை அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழு வருடமாக அந்தப் பள்ளியின் பாடப் புத்தகமெல்லாம் அதில்தான் தயாராகிறது. சென்ற வாரம் இடி விழுந்ததில் பள்ளியின் கம்ப்யூட்டர் எரிந்துவிட்டது. அதோடு புரோகிராமும் போயிற்று. ஆகஸ்ட் நான்காம் தேதி பத்தாம் வகுப்புக்குத் தேர்வு. இருபத்திரண்டு பிள்ளைகள் கையில் ஆறு பாடம் இல்லை.

"வியாழக்கிழமைதோறும் அங்கே ஃபேன் மோட்டார் பார்க்கப் போகிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

 "ஃபேனும் பார்ப்பாருங்" என்றாள் அவள்.

ஜூலை 15

துண்டை எடுத்துத் தூசி தட்டினேன். அவர் எழுதிய மூலக் கோப்பைக் கோகிலா சொன்னபடி அவளுக்கு அனுப்பினேன். மாலையில் அழைத்தாள். தெரிந்தவர்களின் புதுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்களாம், நூற்றுப் பதினேழு பிழை என்று சொல்லி நின்றுவிட்டதாம்.

"நூற்றுப் பதினேழா?"

"ஐயோ, அது அய்யா செஞ்ச தப்பு இல்லீங்மா. அவரு பழைய கம்பைலருக்கு எழுதினது. புதுசு அதை ஒத்துக்க மாட்டேங்குது. அந்தப் பழைய கம்பைலரை உங்க வீட்டு மெஷின்லயே தனியா வெச்சிருக்கறதாச் சொல்லுவாரு. அதுலதான் ஓட்டணும்."

கம்பைலர் என்பது மனிதர் எழுதியதை மெஷின் ஓட்டக்கூடியதாக மாற்றித் தருவது என்று விளக்கினாள். என் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 16

கோகிலா போனில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கறுப்புத் திரையில் gcc என்று மூன்று எழுத்து. நான் வாக்கியத்தை முடிப்பதுபோல முற்றுப்புள்ளி வைத்தேன். வைக்கக்கூடாதாம். எடுத்துவிட்டுத் தட்டினேன். command not found என்று வந்தது. அப்படி ஒரு கட்டளை கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

"கட்டளை அங்கதான் இருக்கும்மா. எங்க இருக்குதுன்னு ஷெல்லுக்குத் தெரியல" என்றாள். ஷெல் என்பது நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஆள். அதனிடம் ஒரு விலாசப் பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள இடங்களில் மட்டும் தேடும், அடுத்த கதவைத் தட்டிப் பார்க்காது. அந்தப் பட்டியலில் அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருப்பார்.

வரியைக் கண்டுபிடித்தோம்.

"அதை எழுத்து எழுத்தாப் படிங்மா. எனக்குக் காதுதான் கண்ணு."

எழுத்து எழுத்தாக, ஒரு பிழையும் இல்லாமல் படித்தேன். பிறகு கம்பைலர் இருக்கும் ஃபோல்டரின் பெயரையும் படிக்கச் சொன்னாள். அதையும் படித்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது" என்று முணுமுணுத்தாள். "அப்புறம் ஏன் கிடைக்கலைங்குது? நடுவுல யாராச்சும் எதையாச்சும் மாத்துனீங்களாம்மா?"

"யாரும் எதையும் தொடவில்லை" என்றேன். திருத்துவதைத் தொடுவது என்று யாரும் சொல்வதில்லை.

ஜூலை 17

மறுபடியும் இரண்டு மணி நேரம். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். கோப்புகளைத் திறக்கும் அனுமதிகள் சரியா என்று பார்த்தோம். கோகிலாவின் பொறுமை அசாதாரணமானது. ஆனால் குரல் களைத்துவிட்டது. ஆறு பாடத்தை ஆசிரியைகள் முறை வைத்து வாசித்துக்காட்டுகிறார்களாம். பிள்ளைகள் கேட்டுக்கேட்டு மனப்பாடம் செய்கிறார்களாம். "கேட்டா அர்த்தம் வருதுங். எழுத்து வராது. பரீட்சையில எழுத்தைத்தான பார்ப்பாங்க?" என்றாள்.

அதை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 18

அய்யா முன்னால் தட்டிய கட்டளைகளின் பட்டியல் கிடைக்கும், அதில் ஏதாவது துப்பு இருக்கும் என்று கோகிலா சொன்னாள். சொன்னபடி செய்தேன். தேதி, மணியோடு வந்தது. மில்லில் மோட்டார்களுக்கு எழுதிய பதிவேட்டைப் போலவே இதையும் அவர் தேதியோடு வைத்திருந்தார். பட்டியல் நீளமாக இருக்கிறது, பார்த்துவிட்டு அழைக்கிறேன் என்று போனை வைத்தேன்.

மார்ச் 3 அன்று காலை பத்தரை மணியிலிருந்து gcc, gcc, gcc என்று பதினான்கு முறை. பிறகு, இங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லும் கட்டளை. பிறகு அந்த ஃபோல்டருக்குள் போக முயன்றிருக்கிறார். complier என்று தட்டியிருக்கிறார். மறுபடியும் இருப்பதைக் காட்டச் சொல்லியிருக்கிறார். மறுபடியும் complier. பிறகு complyer, compliar, complair, compailer. compiler என்ற சரியான எழுத்து ஒருமுறைகூட வரவில்லை.

பிப்ரவரி 12-ஐ இந்த நாட்குறிப்பில் புரட்டிப் பார்த்தேன்.

விலாச வரியையும் இன்னொரு முறை படித்தேன். இந்த முறை எழுதத் தெரியாதவள் படிப்பதுபோல விரலை வைத்துப் படித்தேன். அதில் complier என்றுதான் இருக்கிறது. ஐ இருக்க வேண்டிய இடத்தில் எல், எல் இருக்க வேண்டிய இடத்தில் ஐ. இரண்டு நாளாகக் கோகிலாவுக்கு நான் படித்துக் காட்டியது அங்கே இருந்ததை அல்ல, இருந்திருக்க வேண்டியதை. முப்பத்தோரு வருடம் மேனேஜர் சொன்ன வாக்கியங்களையும் நான் அப்படித்தான் எழுதினேன். அதற்காகத்தான் என்னைப் பாராட்டினார்கள்.

அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. நான்கு வருடத்துக்கு முன்பு அவருடைய நோட்டில் பார்த்தேன். ஆங்கிலத்தில் அப்படியும் ஒரு சொல் உண்டு, சொன்னதைக் கேட்டு நடப்பவர் என்று பொருள். என் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தபோது அதைச் சொல்லி, "இந்த வீட்டில் அது ஒருவர்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மார்ச் 5, காலை 11.40. அன்று அவர் gcc தட்டவில்லை. தன் பெயரை ஆங்கிலத்தில் தட்டியிருக்கிறார். அடுத்து, கோயமுத்தூர். அடுத்து, மில்லின் பெயர். ஷெல்லிடம் இப்படியெல்லாம் யாரும் கேட்பதில்லை. எழுத்து இன்னும் தலையில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார். பதில்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் command not found என்றுதான் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக என் முழுப் பெயர், vasanthamani. பன்னிரண்டு எழுத்து. ஒன்றும் பிழையில்லை.

அதற்குப் பிறகு அவர் எதுவும் தட்டவில்லை. அன்று மதியம்தான், பார்க்கறது ஒண்ணு, இருக்கறது ஒண்ணு என்றார்.

நான் அடுத்த அறையில் இருந்தேன். "இதுக்கு எழுத்து என்ன வசந்தா?" என்று ஒரு குரல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை எழுத வேண்டிய அவசியமில்லை.

ஜூலை 19

கோகிலா மூன்று முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

ஜூலை 20

எலுமிச்சை ஊறுகாய் கிளறினேன். பீரோவின் மேல்தட்டுக்குக் காகிதம் மாற்றினேன். பூஜை விளக்குகளை இரண்டு முறை தேய்த்தேன். மயிலாத்தாள், "ஏனுங்கம்மிணி, இன்னிக்கு விருந்தாளி வர்றாங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

அந்த ஒரு வரியில் இரண்டு எழுத்தை மாற்றிவிட்டு, எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது என்று கோகிலாவிடம் சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் கிடைத்துவிடும். இரண்டு முறை போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் கை வைக்காமல் எழுந்துவிட்டேன்.

ஊறுகாயில் உப்பு அதிகம்.

ஜூலை 21

கோகிலா நேரில் வந்துவிட்டாள். இரண்டு பேருந்து மாறி, கோலோடு தனியாக வந்திருக்கிறாள். நாற்பது வயது இருக்கும். நல்ல இஸ்திரி போட்ட பருத்திப் புடவை. செருப்பைக் கழற்றி ஜோடியாகச் சுவரோரம் வைத்ததைக் கவனித்தேன்.

"போனை எடுக்கலைன்னதும் பயந்துட்டேனுங்மா. மேலுக்குச் சொகமில்லையோன்னு."

"உடம்புக்கு ஒன்றுமில்லை. காபி சாப்பிடு."

அவருடைய மேஜைக்கு அழைத்துப்போனேன். நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு அதில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அந்த வரியை இன்னொரு தடவை படிங்மா. எங்கியோ விட்டுட்டோம்."

படித்தேன். c, o, m, p என்று சொல்லிவிட்டு நின்றேன். பிறகு l என்றேன். பிறகு i.

அவள் தலையைச் சாய்த்தாள். "போன்ல ஐ முன்னாடி சொன்னீங்க."

"ஆமாம். சரியாக எப்படி இருக்க வேண்டுமோ அப்படிச் சொன்னேன். இங்கே இருப்பது இதுதான். அவர் எழுதியது."

"ஃபோல்டர்ல?"

"ஃபோல்டரிலும் இப்படித்தான் இருந்தது. பிப்ரவரியில் நான் திருத்தினேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது."

சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி சொல்வது எனக்குப் பழக்கமில்லை. மார்ச் மாதப் பட்டியலை ஆரம்பத்திலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை எதையும் திருத்தாமல், அவர் எழுதிய எழுத்திலேயே படித்தேன்.  என் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி முடித்தேன்.

கோகிலா கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "மார்ச்சுல எனக்குப் போன் பண்ணுனாருங்" என்றாள். "இனி வர முடியாது கோகிலா, எழுத்து மறந்துபோச்சுன்னாரு. நானும் சரிங்கய்யா, உடம்பைப் பாருங்கன்னு வெச்சுட்டேன். என்ன மறந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"நீ எப்படிக் கேட்டிருக்க முடியும்?"

"நீங்க மட்டும் எப்படீங் தெரிஞ்சிருக்க முடியும்?"

அது ஆறுதல். எனக்கு அதில் பங்கில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளும் தூரத்தில் நான் இருந்தேன்.

காபி ஆறிவிட்டது. வேறு கலந்து கொண்டுவந்தேன்.

"இந்தப் புரோகிராமை வீட்ல காட்ட மாட்டீங்களாய்யான்னு ஒருதரம் கேட்டிருக்கேன்" என்றாள். "காட்டுனா திருத்திப் போடுவா, அப்புறம் எனக்கே புரியாதுன்னு சிரிப்பாரு. கோவமெல்லாம் இல்லீங். பெருமையாத்தான் சொல்லுவாரு. அவ கண்ணுல ஒரு புள்ளி தப்பாதும்பாரு."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரிங்மா. வேலையைப் பார்க்கலாம். ரெண்டு வழி இருக்குது. அந்த வரியில எழுத்தைச் சரியாத் திருத்திடலாம். இல்லாட்டி ஃபோல்டர் பேரைப் பழையபடி தப்பா மாத்தணும். எதுவானாலும் ஓடும். உங்களுக்குத் திருத்தறது சுலபம்."

ஃபோல்டரின் பெயரை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினேன். சரியான எழுத்தே வந்தது. அழித்தேன். மறுபடியும் சரியாகவே வந்தது. கான்வென்டில் மதர் ஒரு சொல்லை நூறு முறை எழுத வைப்பார். என் விரலுக்குத் தப்பு செய்யச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. மூன்றாம் முறை ஒவ்வொரு விசையாகப் பார்த்து, எல், பிறகு ஐ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன்.

கறுப்புத் திரையைப் புதிதாகத் திறந்து, gcc என்று எழுதி, அவள் சொன்னதையெல்லாம் சேர்த்துத் தட்டினேன். கிடைக்கவில்லை என்று வரவில்லை. எதுவுமே வரவில்லை. அப்படியென்றால் சரியாக நடந்துவிட்டது என்று அர்த்தமாம். குறை இருந்தால் மட்டும்தான் பேசுமாம்.

ஒரு பாடத்தைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். திரை நிறையப் புள்ளிகள் ஓடி, முடிவில் ஒரு சொல் வந்தது. வெற்றி என்பதற்கான ஆங்கிலச் சொல். அதில் ஒரு சி குறைவு.

"கடைசியில ஒரு வார்த்தை வந்துச்சுங்களா?" என்று கோகிலா அவசரமாகக் கேட்டாள். "அதை மட்டும் அப்படியே விட்டுருங்மா. எங்க மெஷின் அதை 'சக்கஸ்'னு படிக்கும். புள்ளைங்களுக்கு எது முடிஞ்சாலும் சக்கஸ்தான். சோறு தின்னு முடிச்சாலும் சக்கஸ், பரீட்சை முடிஞ்சாலும் சக்கஸ்."

விட்டுவிட்டேன். புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றி அவள் கையில் கொடுத்துப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 29

ஆறு பாடமும் அச்சாகிப் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டதாகக் கோகிலா சொன்னாள். போனை வைக்கும்போது, "சக்கஸ்மா" என்றாள். 

ஜூலை 30

பதினொன்றில் ஒன்றைப் பழையபடி வைத்துவிட்டேன். மீதி பத்தையும் அப்படியே வைத்துவிடலாம் என்று இன்று உட்கார்ந்தேன். அவர் திரும்பிவந்து பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அது அவருடைய மேஜை.

மின்சாரம், ஓய்வூதியம், காப்பீடு, ரசீதுகள், கடிதங்கள், இன்னும் ஐந்து. எல்லாம் நான் திருத்திய எழுத்தில் பளிச்சென்று இருக்கின்றன. அவர் எப்படி எழுதியிருந்தார் என்பது எனக்கு நினைவில்லை. பிப்ரவரி 12-ஐ மறுபடியும் பார்த்தேன். இந்தப் பக்கத்தைக் கெடுக்கப்போவதில்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு தாளை எடுத்து, அவர் எழுதுவதுபோல ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தேன். காலை முழுவதும் எழுதினேன். பத்துக்கும் சரியான எழுத்துதான் வருகிறது.